சம்பந்தி வீட்டுக் கிச்சுரி

1

ஊரிலிருந்து என் தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் வருவாள். அவளிடம் இரண்டு கேள்விகள் உண்டு. முதலாவது, "அங்கை குளிரோ?" நான் டென்மார்க்குக்கு வந்த நாளிலிருந்து இதைக் கேட்கிறாள். ஒருநாளாவது "இல்லையடி, வேர்த்து ஊத்துது" என்று பதில் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. இரண்டாவது, "என்ன சமைச்சனீங்கள்?" போன ஞாயிற்றுக்கிழமை இந்த இரண்டாவது கேள்விக்கு நான் "கிச்சுரி" என்று சொன்னேன். மறுபக்கம் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டதாக்கும் என்று கைபேசியை உதறிப் பார்த்தேன். பிறகு மெல்லக் கேட்டாள்.

"ஏனக்கா, ஆருக்கும் சுகமில்லையோ?"

கெட்டிக்காரி. அரைவாசியைச் சரியாகத்தான் பிடித்தாள். மீதியை அவளுக்குச் சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய தொலைபேசி அட்டை முடிந்துவிட்டது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

கிச்சுரி என்பது வங்காளிகள் அரிசியையும் பருப்பையும் ஒரே பானையில் போட்டு, இஞ்சி, சீரகம், கறுவா, ஏலக்காய் சேர்த்து இளக்கமாக அவித்து, மேலே நெய் விட்டுச் சாப்பிடுவது. இதைக் கிச்சடி என்று சொல்லிவிடாதீர்கள். நான் ஒருமுறை சொல்லி, என் வங்காளி மருமகனின் முகம் வாடியதைப் பார்த்திருக்கிறேன். மழை பெய்தால் கிச்சுரி சமைப்பது அவர்கள் வழக்கமாம். வானம் இருண்டதும் கல்கத்தாவில் வீட்டுக்கு வீடு பானை ஏற்றிவிடுவார்களாம். இந்த வழக்கத்தை எந்நேரமும் மழை தூறும் எங்கள் டென்மார்க் நகரமான ஒடென்சேயில் நேர்மையாகக் கடைப்பிடித்தால் வேறெதையும் சமைக்க முடியாது.

யாழ்ப்பாணத்தில் பிறந்து ஒடென்சேயில் குடியிருக்கும் நான் கல்கத்தாவின் மழைக்கால உணவை ஏன் சமைக்கப் போனேன் என்று நீங்கள் கேட்பீர்கள். என் மகள் சாப்பிடவில்லை. அதுதான் காரணம்.

2

எங்கள் மகள் நிலானி இங்கே பிறந்தவள். டேனிஷில் அம்மாவை மோர் என்பார்கள். நானும் அவள் பிறந்ததிலிருந்து மோராகவே இருக்கிறேன், புளித்துப் போனதில் ஆச்சரியமில்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் சண்டை பிடிப்பதுபோல இருக்கும். தோழிகளோடு கதைக்கும்போது மட்டும் டேனிஷை இன்னும் வேகமாக்குவாள், எனக்குப் பிடிபடக்கூடாது என்று. அந்தப் பாஷை அவளுக்குப் பூட்டுப் போட்ட ஓர் அறை. நான் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

அவள் சின்னவளாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் யாரோ அவளுடைய குளிர்ச்சட்டையை மணந்து பார்த்து ஏதோ சொல்லிவிட்டார்கள். என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலையே எங்கள் வீட்டில் புதுச் சட்டம் அமுலுக்கு வந்தது. சமைக்கும்போது சமையலறைக் கதவு பூட்டியிருக்கவேண்டும். யன்னல் திறந்திருக்கவேண்டும், வெளியே பனி கொட்டினாலும். புகை உறிஞ்சும் விசிறி முழு வேகத்தில் ஓடவேண்டும். குளிர்ச்சட்டைகள் பிளாஸ்ரிக் பைக்குள்ளே, பை அலுமாரிக்குள்ளே. நான் தொப்பியும் கழுத்துச் சால்வையும் போட்டுக்கொண்டு குளிரில் நடுங்கி நடுங்கித் தாளித்திருக்கிறேன். வெடிமருந்து செய்கிறவர்கள்கூட இவ்வளவு கவனமாக இருந்திருக்க மாட்டார்கள்.

சோறும் பருப்பும் என்றால் முகத்தைச் சுளிப்பாள். "ஒவ்வொரு நாளுமா?" என்று டேனிஷில் கேட்பாள். பாணில் வெண்ணெய் பூசி எடுத்துக்கொண்டு அறைக்குள்ளே போய்விடுவாள்.

இப்படிப்பட்ட பிள்ளை ஒரு டேனிஷ் பொடியனைக் கூட்டிக்கொண்டு வருவாள் என்று நாங்கள் மனத்தைத் திடப்படுத்தி வைத்திருந்தோம். உருளைக்கிழங்குக்கு எத்தனை விதமாக மசாலா இல்லாமல் செய்யலாம் என்றுகூடப் பழகி வைத்திருந்தேன். வந்தவர் சௌமிக். கல்கத்தாக்காரர். இங்கே இயந்திரக் கைகள் செய்யும் கம்பனி ஒன்றில் பொறியியலாளர். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னார்.

"வங்காளியள் நல்லா மீன் சாப்பிடுவினமாம். பிறகென்ன."

அத்தோடு எங்கள் வீட்டுச் சம்மதம் முடிந்தது.

3

இந்த வருடம் நிலானி வயிற்றில் பிள்ளை தங்கியது. மசக்கை என்று எழுத நன்றாகத்தான் இருக்கிறது. நேரில் அது வெறும் வாந்தி, எங்கள் பேச்சில் சத்தி. காலையில் சத்தி, மத்தியானம் சத்தி, தண்ணீர் குடித்தால் சத்தி. நாட்கள் போகப் போகக் குறையும் என்றார்கள். நாட்கள் போயின. ஆள் மெலிந்துகொண்டே வந்தாள். ஒருதரம் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து சேலைன் ஏற்றினார்கள். மருத்துவிச்சி மிக அன்பான பெண். "உனக்கு எது பிடிக்கிறதோ அதைச் சாப்பிடு" என்று சொல்லி அனுப்பினாள். இதைச் சொல்வதற்கு இங்கே மூன்றரை வருடம் படிக்கவேண்டும்.

எல்லாவற்றிலும் மோசம் என்ன தெரியுமா? அவளுக்கு ஒத்துவராத மணங்களில் முதலிடம் என்னுடைய மிளகாய்த்தூளுக்கு. நான் ஊரிலிருந்து வரவழைத்து, இங்கே வறுத்து, அரைத்து, போத்தலில் அடைத்து வைத்திருக்கும் தூள். அது என் சட்டையில் மணக்கிறதாம், தலைமயிரில் மணக்கிறதாம். அவளைப் பார்க்கப் போவதென்றால் நான் தலை முழுகி, தோய்த்த உடுப்பு உடுத்தி, கோவிலுக்குப் போகிறவள்போலப் போகவேண்டும். போய் எட்டத்தில் இருக்கவேண்டும். கையில் ஏதும் கொண்டுபோகக் கூடாது.

எனக்கு வேலை முதியோர் இல்லத்தில். சாப்பாடு ஊட்டுவதும் என் உத்தியோகத்தில் ஒரு பங்கு. உருளைக்கிழங்கை மசித்து, மண்ணிறக் குழம்பை ஊற்றி, கரண்டியை வாயருகே கொண்டுபோனால், பெயர்கூட மறந்துபோன கிழவிகள் வாயைத் திறக்கிறார்கள். "நன்றி, செல்லம்" என்று என்னைச் சொல்கிறார்கள். உப்பும் இல்லாத உறைப்பும் இல்லாத அந்தச் சாப்பாட்டை என் கையால் ஆசையாய் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். ஒருநாள் அப்படி ஊட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. யார் பெற்ற கிழவிக்கோ ஊட்டுகிறேன், நான் பெற்றதுக்கு ஒரு வாய் கொடுக்க முடியவில்லை. கிழவி என் கையைத் தடவி, "குழம்பு சுடுகிறதா?" என்று கேட்டாள்.

அந்தக் கிழமைதான் நிலானி தொலைபேசியில் சொன்னாள், வழக்கம்போல டேனிஷில்:

"மா செய்யிற கிச்சுரி இருந்தால் சாப்பிடுவேன் போல இருக்கு."

மா என்பது சௌமிக்கின் தாய். மாமியாருக்கு மா. எனக்கு மோர். என் வீட்டில் ஒவ்வொரு நாளும் இருந்த சோறும் பருப்பும் வேண்டாம். கல்கத்தாவில் இன்னொருத்தி சேர்த்து அவித்த சோறும் பருப்பும் வேண்டும். போன வருடம் அங்கே போயிருந்தபோது வயிற்றுக் கோளாறாம், மழையாம், மாமியார் கிச்சுரி செய்து கொடுத்தாவாம், இப்போதும் நாக்கில் நிற்கிறதாம்.

"நான் செய்து தாறன்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாது, மோர்."

4

நேர்வழி என்னவென்றால் சம்பந்தியே வந்து சமைத்துக் கொடுப்பது. அவரும் வரத்தான் இருந்தார். பெட்டியில் சின்ன அரிசி, நெய், வடகம் எல்லாம் அடுக்கியாயிற்று. விசா இல்லை என்று கடிதம் வந்தது. அவர் திரும்பிப் போவாரோ என்பதில் சந்தேகமாம். கணவனை இழந்தவர், பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், ஒரே மகன் இங்கே. ஆகவே வந்தால் தங்கிவிடுவார் என்று யாரோ ஒரு மேசையில் இருந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். அவருக்கு அங்கே சொந்த வீடு, தங்கைமார், பாட்டு வகுப்பு, மாலையில் வந்து வம்பளக்கும் கூட்டம் எல்லாம் உண்டு. இதையெல்லாம் விட்டுவிட்டு ஒடென்சேயில் நான்கு மணிக்கே இருட்டுகிற கார்த்திகை மாதத்துக்காக அவர் ஏங்கிக்கொண்டிருக்கிறாராம். அந்தக் கடிதத்தை எழுதியவர் தன்னுடைய நாட்டை இவ்வளவு நேசிப்பதை நினைத்து எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆக, சம்பந்திக்கு வரமுடியாது. மருமகனுக்கு முட்டை அவிக்கத் தெரியும். மிஞ்சியது நான்.

இதற்கு நான் யாரிடம் கேட்கவேண்டும்? அரிசியும் பருப்பும் சேர்த்து அவித்தால் அது புக்கை. பொங்கலுக்குப் பொங்கல் கிளறிய கை இது. ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, குளித்து, திருநீறு பூசி, சுத்த சைவமாக அடுப்பு மூட்டினேன். அரிசி, மைசூர்ப் பருப்பு, வெங்காயம், உள்ளிப்பூண்டு, இஞ்சி. பருப்பு மசிந்து வந்தபோது வாசம் ஏதோ குறைவதுபோலப் பட்டது. கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டேன். அதற்குப் பிறகு என் கை, என்னைக் கேட்காமலே, தூள் போத்தலைத் திறந்து அரைக் கரண்டி போட்டுவிட்டது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எங்களுடைய கைகள் அப்படி. தூள் இல்லாமல் இறக்கிய கறி எதுவும் அவற்றுக்குக் கறியில்லை.

பானையைக் குளியல் துவாயால் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ட்ராமில் போனேன். இங்கே ட்ராமில் வேறு இடமிருந்தால் யாரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள், அது இந்த நாட்டு மரியாதை. அன்றைக்கு வேறு இடமில்லாதவர்களும் என் பக்கத்தில் இருக்காமல் நின்றுகொண்டே வந்தார்கள். எல்லோருக்கும் என் பானையில் அவ்வளவு மரியாதை.

நிலானி கதவைத் திறந்தாள். நான் துவாயை அவிழ்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். அங்கிருந்து வந்த சத்தத்தை நான் எழுதவேண்டியதில்லை.

"மாமி, நல்லாயிருக்கு" என்றார் சௌமிக். மாமி என்ற சொல்லும் நல்லாயிருக்கு என்ற சொல்லும்தான் அவருக்குத் தெரிந்த தமிழ். பாவம், இரண்டையும் செலவழித்து, இரண்டு கோப்பை சாப்பிட்டார்.

5

பிழை எங்கே என்று கேட்க, சௌமிக் கைபேசியில் தாயைக் கூப்பிட்டுப் பானையைக் காட்டினார். சம்பந்தி நல்ல சிவலை, வெள்ளைச் சேலை, மூக்கின் நுனியில் கண்ணாடி. பானைக்குள்ளே பார்த்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். வங்காள மொழியில் ஏதோ கேட்டார். சௌமிக் என்னைப் பார்த்தார்.

"என்னவாம்?"

"ஒன்றுமில்லை மாமி. மாவுக்கு ஒரு சின்ன விசயம்" என்று ஆங்கிலத்தில் இழுத்தார். "எங்கள் வீட்டில் இந்தச் சிவப்புப் பருப்பைச் சைவத்தில் சேர்க்க மாட்டோம்."

"பருப்பையோ?"

"மச்சத்தோடு, அதாவது மீன் இறைச்சியோடு, சேர்ந்தது என்று கணக்கு. சாமிக்குப் படைப்பதில்லை. அப்பா போன பிறகு மா அதைத் தொட்டதே இல்லை. வெங்காயம், உள்ளியும் அப்படித்தான்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மைசூர்ப் பருப்பு மச்சமாம். சட்டி நிறைய மீன் சாப்பிடுகிற சனம் சொல்கிறது. நான் இவ்வளவு காலமும் விரதம் பிடித்து, தலை முழுகி, வாழை இலை கிடைக்காத நாட்டில் வாழை இலைக்கு அலைந்து, பிள்ளையாருக்கு மச்சம் படைத்திருக்கிறேன். கோவிலில் அன்னதானத்துக்குக் கிடாரம் கிடாரமாய் அவித்து ஊற்றியதும் அதுதான். பிள்ளையார் ஒருநாளும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அவரும் டென்மார்க்குக்கு வந்து பழகிவிட்டார் போல.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அப்ப நாங்கள் வெள்ளிக்கிழமையிலையும் மச்சம் சாப்பிட்டிருக்கிறம்" என்றார். குரலில் கொஞ்சம் சந்தோசம் இருந்தது.

ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம். பருப்பில் இல்லை. என் பானை தோற்றுப்போனதில். அடுத்த நாள் நிலானி தொலைபேசியில், "விடுங்கோ மோர், கஷ்டப்படவேண்டாம்" என்று தமிழிலேயே சொன்னாள். அவள் தமிழில் சொல்கிறாள் என்றால் எனக்காக இரங்குகிறாள் என்று அர்த்தம். அதைத்தான் தாங்க முடியவில்லை. அதே நேரம் சம்பந்தி மகனிடம் செய்தி அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தான் கைபேசியில் கூடவே நிற்பதாகவும், நான் கையைக் கொடுத்தால் போதும், சமையலைத் தானே பார்த்துக்கொள்வதாகவும்.

கையைக் கொடுத்தால் போதுமாம். கொடுத்தேன். வேறு என்ன செய்ய? அங்கே ஒரு பிள்ளை பட்டினி கிடக்கிறது, அதன் வயிற்றுக்குள்ளே இன்னொன்று.

6

ஞாயிற்றுக்கிழமை மழை. அதில் அதிசயம் இல்லை, ஆனால் சம்பந்தி அதைப் பெரிய சகுனமாக எடுத்துக்கொண்டார். மகள் வீட்டுக்கே போய்ச் சமைப்பதென்று ஏற்பாடு. நிலானி படுக்கையறைக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே படுத்திருந்தாள். சௌமிக் கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து அடுப்பைப் பார்க்க நிறுத்தினார்.

அரிசியில் பிரச்சினை இல்லை. அவர்களுடைய சின்ன மணி அரிசிக்குப் பதிலாக நான் தமிழ்க்கடையில் கீரிச் சம்பா வாங்கி வைத்திருந்தேன். உள்ளங்கையில் வைத்துக் காட்டியதும் சம்பந்தி தலையாட்டினார். கடுகெண்ணெய் கேட்டார். அதுவும் தேடி வாங்கியிருந்தேன். போத்தலில் "உடம்பில் பூசுவதற்கு மட்டும்" என்று எழுதியிருந்தது. இங்கே அந்த எண்ணெயைச் சாப்பிடக்கூடாது என்று சட்டம், விற்கக்கூடாது என்று சட்டம் இல்லை. அதனால் இந்த நாட்டில் உள்ள வங்காளிகள் எல்லோரும் வருடம் முழுவதும் உடம்பில் பூசிக்கொண்டிருப்பதாக அரசாங்கம் நம்புகிறது. சௌமிக் இதைத் தாய்க்குச் சொல்ல, அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அதுதான் நாங்கள் முதல்முதலாகச் சேர்ந்து செய்த காரியம்.

எங்கள் இருவருக்கும் பொதுப் பாஷை கிடையாது. அவருடைய ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம். என்னுடைய ஆங்கிலத்தை டேனிஷ் தின்று வெகுகாலம். நான் அவர் சொல்வதற்கெல்லாம், ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர் வழக்கப்படி, ஓம், ஓம் என்றேன். ஒவ்வொரு தடவையும் அவர் கைகூப்பிக் கண்களை மூடினார். அடுப்படியில்கூட மந்திரம் சொல்லிக்கொண்டே சமைக்கும் சம்பந்தி வாய்த்திருக்கிறாள் என்று அவர் நினைத்ததை நான் ஏன் கெடுக்கவேண்டும்?

இந்தத் தடவை பாசிப்பருப்பு. முதலில் வெறும் சட்டியில் வறுக்கவேண்டும். சௌமிக் மொழிபெயர்த்தார்: "வாசம் வரும்வரை."

கைபேசிக்கு மூக்கு இல்லை. சம்பந்தி நிறத்தைப் பார்த்து, இன்னும், இன்னும் என்று விரலைச் சுழற்றினார். நான் மூக்கை நம்பிக் கிளறினேன். பயறு வறுப்பதற்கு எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. பயற்றம் பணியாரத்துக்கு வறுக்கிற பதம் என் கைக்குத் தெரியும். பச்சை வாசம் போய், மண்வாசமும் நெய்வாசமும் கலந்ததுபோல ஒன்று எழும்பும் ஒரு கணம் இருக்கிறது. அதைத் தாண்டினால் கசக்கும். அந்தக் கணம் வந்தது. சட்டியை இறக்கினேன். சம்பந்தி "நோ, நோ" என்றார். நான் "யெஸ், யெஸ்" என்றேன். எங்களுடைய முதல் சண்டை அது. மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மேலே புகை எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. சௌமிக் கதிரையில் ஏறித் துவாயால் விசிறினார். கைபேசிக்குள்ளே சம்பந்தி எங்கள் வீடு எரிகிறது என்று நினைத்துக் கூவினார். கீழ்வீட்டு டேனிஷ்காரர் மழையிலும் வெறுங்காலோடு ஏறிவந்து கதவைத் தட்டி, தான் தொந்தரவு கொடுக்கவில்லையே என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, இங்கே தீப்பிடித்திருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை, பருப்பு வறுக்கிறோம் என்றேன். நல்ல ஞாயிற்றுக்கிழமையாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டு இறங்கிப் போனார்.

மணி நின்றபோது படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. நிலானி நின்றாள். நான் குளியலறைப் பாதையிலிருந்து விலகி வழிவிட்டேன். அவள் ஓடவில்லை. மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றாள்.

"இது என்ன மணம்?" என்று தமிழில் கேட்டாள்.

"பயறு."

"மா வீட்டு மணம்" என்றாள்.

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அடியே, இது உன்ரை வீட்டு மணம். நீ வளர்ந்த வீட்டில் தைக்குத் தை, கலியாணத்துக்குக் கலியாணம் நான் வறுத்த பயறு இது. ஆனால் அவள் எப்படி அறிவாள்? கதவு பூட்டியிருந்தது. யன்னல் திறந்திருந்தது. விசிறி முழு வேகத்தில் ஓடியது. அந்த மணம் முழுவதையும் ஒடென்சேக் காகங்கள் அல்லவா அனுபவித்தன. என் மகள் கல்கத்தாவரை போய்த்தான் அதை மணந்து பார்க்கவேண்டியிருந்தது. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "போய் இரு பிள்ளை, இன்னும் அரிசி போடேல்லை" என்றேன்.

அவள் போகவில்லை. அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி, சோபாவில் காலை மடக்கிக்கொண்டு இருந்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நான் சமைக்கும் இடத்தில் அவள் இருந்தாள்.

7

மீதி வேலை சுலபம். கடுகெண்ணெயில் சீரகம், செத்தல் மிளகாய், கறுவா, ஏலக்காய், கராம்பு. இடித்த இஞ்சி. மஞ்சள். பூக்கோவா என்கிற காலிஃபிளவரும் உருளைக்கிழங்கும் பட்டாணியும். அதன்மேல் வறுத்த பருப்பு, கழுவிய அரிசி, சுடுதண்ணீர். வெங்காயம் இல்லை, உள்ளி இல்லை, தேங்காய்ப்பால் இல்லை. என் கை இரண்டு தரம் வலதுபக்கம் போனது. அங்கே தூள் போத்தல் இல்லை. கைக்குத் தெரியாமல் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

கிச்சுரி இளகிக் கொதித்து, பருப்பு உடைந்து, அரிசி குழையும் தறுவாயில் சம்பந்தி கடைசி உத்தரவை வெளியிட்டார்.

"இப்போது சீனி" என்றார் சௌமிக்.

"எதுக்கு?"

"கிச்சுரிக்கு. ஒரு மேசைக்கரண்டி. மா சொல்கிறா, அதுதான் இரகசியம்."

உப்பும் இஞ்சியும் மிளகாயும் போட்ட சோற்றுக்குச் சீனி. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். பருப்பை மச்சம் என்றபோது பொறுத்தேன், அவர் என் மகளுக்கு மாவாக இருப்பதைப் பொறுத்தேன், இதைப் பொறுக்க முடியவில்லை. சீனியை எடுப்பதற்காகக் கைபேசியைத் தூக்கி, சுவரில் சாய்த்து வைத்தேன். கரண்டி நிறைய அள்ளிக் கைபேசிக்குக் காட்டினேன். பிறகு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பானைக்குக் குனிவதுபோலக் குனிந்து, சீனியைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் கொட்டினேன். வெறும் கரண்டியால் நன்றாகக் கிளறினேன்.

"போட்டாச்சா?" என்றார் சௌமிக்.

"ஓம்" என்றேன். கைபேசிக்குள்ளே சம்பந்தி கைகூப்பினார்.

நெய் விட்டு இறக்கி, வட்டமாக வெட்டிய கத்தரிக்காய் நாலு துண்டு பொரித்து ஓரத்தில் வைத்து, மகளிடம் கோப்பையைக் கொடுத்தேன். சௌமிக் கைபேசியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். கல்கத்தாவில் ஒரு தாய் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்ட வந்தார். ஒடென்சேயில் இன்னொரு தாய் அகப்பையோடு நின்றாள். குளியலறைக் கதவை நான் திறந்தே வைத்திருந்தேன்.

அவள் ஒரு வாய் வைத்தாள். விழுங்கினாள். இரண்டாவது வாய். பிறகு கரண்டியை வைத்துவிட்டுக் கையால் சாப்பிடத் தொடங்கினாள். கையால் சாப்பிட அவளுக்குத் தெரியும் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். கத்தரிக்காயை எண்ணெய் வழியப் பிய்த்துச் சேர்த்துச் சாப்பிட்டாள். கோப்பை வெறுமையாகும்வரை நான் மூச்சு விட்டேனா என்று ஞாபகமில்லை.

சம்பந்தி அழுதுகொண்டிருந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார், என்னுடையது மாதிரி இருக்கிறதா?

நிலானி கைபேசியைப் பார்த்துச் சிரித்தாள். "அப்படியே உங்களுடையதுதான், மா" என்றாள்.

சம்பந்தி வெற்றியோடு விரலை உயர்த்தி வங்காள மொழியில் ஏதோ சொன்னார். சௌமிக் என்னிடம், "நான்தான் சொன்னேனே, சீனிதான் என்கிறா" என்றார்.

"ஓம்" என்றேன். அவர் மறுபடி கைகூப்பினார்.

அப்போது நிலானி, முகத்தில் சிரிப்பு மாறாமல், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், மெல்லிய குரலில், வேகமான டேனிஷில் சொன்னாள்.

"இதுதான் நல்லா இருக்கு, மோர். அவவுக்குச் சொல்லாதேங்கோ."

எனக்குப் பிடிபடக்கூடாது என்று எத்தனை வருடம் வேகமாகக் கதைத்த பாஷை. இப்போது உலகத்தில் இன்னொருத்திக்குப் பிடிபடக்கூடாது என்று எனக்காகக் கதைக்கிறாள். பூட்டிய அறைக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். சௌமிக் பின்னேர வகுப்பில் டேனிஷ் படிக்கிறார், அவருக்கும் விளங்கியிருக்கும். அவர் யன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பிள்ளை.

இரண்டு தாய்மாரில் ஒருத்திக்கு அவள் பொய் சொல்லியிருக்கிறாள். அது நானாகவும் இருக்கலாம். கேட்போமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கோப்பையை நீட்டினாள். நான் இன்னொரு அகப்பை போட்டேன்.